பாரிசுக்குக் கோல் காத்த நாள்

பாரிஸ் அணி மினிபஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவர்களிடம் கோல் கீப்பர் இருக்கவில்லை.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை அது. தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற ஊரிலிருந்து டிராமில் சிறிது தூரம் போனால் ஒரு பெரிய விளையாட்டுத் திடல் வரும். பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே ஆகிய நான்கு நாடுகளின் தமிழ்ப் பெண்கள் லீக்குகளில் முதலாவதாக வந்த அணிகளை அங்கே கூப்பிட்டிருந்தார்கள். ஆண்களுக்கு இப்படிப் பல போட்டிகள் நடந்திருக்கின்றன. பெண்களுக்கு இதுதான் முதல் தடவை. காலையில் இரண்டு அரையிறுதி ஆட்டங்கள், பின்னேரம் இறுதியாட்டம், ஒரு கோப்பை. நகைக்கடைக்காரர் ஒருவர் செய்வித்துத் தந்த அந்தக் கோப்பை வடையும் ரோல்ஸும் விற்கிற மேசையின் நடுவில் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு எல்லா அணிப் பெண்களும் அந்தப் பக்கமாகவே நடந்து போனார்கள்.

பிரித்தானியாவின் சாம்பியன் எங்கள் மிச்சம் அணி. எங்கள் அணி என்று சொன்னாலும் அந்தப் பருவம் முழுவதிலும் நான் விளையாடியது மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். நான் இரண்டாவது கோல் கீப்பர். முதல் கீப்பர் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. பூனை மாதிரிப் பாய்வாள். அவளுக்கு ஒரு நாளும் காய்ச்சல்கூட வந்ததில்லை. எனக்கு முப்பத்தேழு வயது, இரண்டு பிள்ளைகள், கவுன்சிலில் வேலை. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பள்ளிக்கூட வலைப்பந்தாட்ட அணியில் இருந்தேன். உதைபந்தைக் காலால் தொட்டது லண்டனுக்குக் கல்யாணம் முடித்து வந்து, இரண்டாவது பிள்ளையும் பிறந்த பிறகுதான். 'பயிற்சிக்குக் கோலில நிக்க ஒருத்தரும் இல்லை, வாங்கோ அண்ணி' என்று ஒரு வியாழக்கிழமை மச்சாள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வியாழக்கிழமைகள் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டன.

மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் அணியின் தலைவியும் முன்கள ஆட்டக்காரியும் அவள்தான். பந்து அவள் காலுக்கு வந்தால் திடலில் நிற்கிற எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள்.

பாரிஸ் தலைவி நேரே எங்களிடம் வந்தாள். கட்டையான, அகன்ற தோள்கள் உள்ள பெண். பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் தகப்பனின் மரக்கறிக் கடையில் நிற்கிறவள் என்று பிறகு சொன்னாள்.

"கீப்பருக்கு விசா வரும் வரும் எண்டு நேற்றுப் பின்னேரம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தனாங்கள். வரேல்லை. அவளிட்ட இன்னும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இல்லை. மற்றக் கீப்பருக்குப் போன மாதம்தான் பிள்ளை பிறந்தது."

போட்டியை நடத்தியவர் மெலிந்த ஒரு அங்கிள். ஒலிபெருக்கியில் வர்ணனையும் அவர்தான். அவர் நான்கு தலைவிகளையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். வெளியில் விளையாடாமல் இருக்கிற கீப்பர் ஒருவரைப் பாரிசுக்குக் கொடுக்கச் சம்மதமா? சுவிஸ் தலைவியும் நோர்வே தலைவியும் தங்களிடம் ஒரு கீப்பர்தான் என்றார்கள். எங்கள் மச்சாள் யோசிக்கவே இல்லை.

"எங்கட அண்ணி இருக்கிறா. அவவைக் கொண்டுபோங்கோ. எங்களுக்கு இண்டைக்குத் தேவைப்படாது."

அவள் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். ஆனாலும் கூடுதலாக இருக்கிற கதிரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது போல இருந்தது. எனக்குக் காது சூடாகியது. அதே நேரம் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளத் தொடங்கிவிட்டது. இன்றைக்கு நான் விளையாடப் போகிறேன். இருபத்தைந்து நிமிடம், பிறகு இன்னுமொரு இருபத்தைந்து நிமிடம்.

"ஓம், நான் வாறன்" என்றேன்.

வராத கீப்பரின் செம்மஞ்சள் ஜேர்சியைத் தந்தார்கள். கைகள் நீளம். மடித்துவிட்டுக்கொண்டேன்.

முதல் அரையிறுதியில் எங்கள் அணி, அதாவது மிச்சம், நோர்வேயை மூன்றுக்கு ஒன்று என்று வென்றது. இரண்டு கோல் மச்சாள் அடித்தாள். அதை நான் பாரிஸ் பெண்களோடு புல்லில் இருந்து பார்த்தேன். கை தட்டுவதா, விடுவதா என்று தெரியாமல் தொடையில் மெல்லத் தட்டினேன்.

அடுத்தது எங்களுக்கும் சுவிசுக்கும். 'எங்களுக்கு' என்று மனசு அதற்குள் சொல்லப் பழகியிருந்தது.

கோல் கீப்பருக்குக் கை எவ்வளவு முக்கியமோ வாயும் அவ்வளவு முக்கியம். முன்னால் நிற்கிறவர்களுக்கு முதுகுப் பக்கம் நடப்பது தெரியாது. கீப்பர்தான் கத்திச் சொல்ல வேண்டும். மிச்சம் அணியில் எல்லாப் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் கத்துவார்கள். எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். நாள் முழுக்க ஒஃபீசில் அதில்தான் வேலை. ஆனால் பந்து பறந்து வருகிற நேரத்தில் வாய்க்கு வர ஒரு கணம் பிந்தும். அந்தக் கணத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். 'அண்ணி, சத்தம் போடுங்கோ' என்று மச்சாள் ஒவ்வொரு வியாழனும் சொல்வாள்.

பாரிஸ் பெண்கள் தங்களுக்குள் பேசுவது பிரெஞ்சு. எனக்கு அது ஒரு சொல்லும் தெரியாது. அவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் ஓடாது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சுவிஸ் பெண் ஒருத்தி வலப்பக்கத்தால் ஓடி வந்து பந்தை உள்ளே தூக்கி அடித்தாள். என் வாய் தானாகத் திறந்தது.

"விடு பிள்ளை, அது எனக்கு."

அந்தச் சத்தம் எங்கேயிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை. முன்னால் நின்ற பாரிஸ் பெண் சட்டென்று குனிந்து விலகினாள். நான் எழும்பிப் பந்தை நெஞ்சோடு அணைத்தேன். வலைப்பந்தாட்டத்தில் பந்தைப் பிடிப்பது போலவே இருந்தது.

அதற்குப் பிறகு என் வாய் மூடவில்லை. வலப்பக்கம் பார், பின்னால ஒருத்தி நிக்கிறாள், நெருங்கு, அடிச்சு வெளியில விடு. எல்லாம் தமிழில். பன்னிரண்டு வருடம் லண்டனில் இருந்து, நான் இப்படித் தொண்டை திறந்து தமிழில் கத்தியது இதுதான் முதல் தடவை. பாரிஸ் பெண்களும் திருப்பித் தமிழில் கத்தினார்கள். "அக்கா, வாறா", "அக்கா, நான் நிக்கிறன்." சுவிஸ் பெண்களுக்கும் எல்லாம் விளங்கியது. அதற்கு ஒன்றும் செய்ய ஏலாது. சுவிஸ் அணியின் ஒரு நெட்டைப் பெண், நான் கத்தியதைக் கேட்டு ஓடிக்கொண்டே சிரித்துவிட்டாள். சிரித்ததில் பந்தைக் கோட்டை விட்டாள்.

ஒன்றுக்குப் பூச்சியம். பாரிஸ் வென்றது. இறுதியாட்டம் மிச்சத்தோடு.

மதியம் என் கணவர் அயல்வீட்டுக்காரர் ஒருவரின் காரில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. மிச்சம் அணியின் மாற்று ஆட்டக்காரர்கள் இருக்கிற வாங்கில் என்னைத் தேடியிருக்கிறார். பிறகு பாரிஸ் பெண்களின் நடுவில் செம்மஞ்சள் ஜேர்சியோடு நான் இருந்து வாழைப்பழம் சாப்பிடுவதைக் கண்டார்.

"இஞ்ச என்ன செய்யிறீர்?"

"உங்கட தங்கச்சி என்னைப் பாரிசுக்குக் குடுத்திட்டா."

அவர் என்னைப் பார்த்தார், தூரத்தில் நின்ற தங்கையைப் பார்த்தார், பிறகு இரண்டு கோல் கம்பங்களையும் பார்த்தார். மகள் அவரின் கையை இழுத்தாள்.

"அப்பா, நாங்கள் ஆருக்குக் கை தட்டுறது? அம்மாவுக்கோ, மாமிக்கோ?"

"ரெண்டு பேருக்கும்."

"அது ஏலாது" என்றான் மகன். ஏழு வயதுக்காரனுக்கு அது உடனே தெரிந்துவிட்டது.

இறுதியாட்டம் தொடங்க முதல் பாரிஸ் பெண் ஒருத்தி தொலைபேசியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். திரையில் ஒரு பெண். கலைந்த தலை, அழுது வீங்கிய கண். அவள்தான் வராத கீப்பர். காலையிலிருந்து பாரிசில் கட்டிலில் இருந்தபடி, ஒரு தோழி திடலின் எல்லைக்கோட்டோரம் தூக்கிப் பிடித்த தொலைபேசியால் முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, எங்கட ஏழாம் நம்பர் எப்பவும் பிந்தித்தான் ஓடுவாள். ஆனால் ஓடத் தொடங்கினா ஒருத்தரும் பிடிக்கேலாது. கூப்பிட்டுக்கொண்டே இருங்கோ."

"கூப்பிடுறன். நீங்கள் கவலைப்படாதேங்கோ."

"கவலை இல்லை அக்கா. எரிச்சல்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

இறுதியாட்டத்தில் எனக்கு எதிரே நின்ற ஒவ்வொருத்தியின் காலையும் நான் அறிவேன். பயிற்சியில் கோல் அடித்துப் பழகுவது இரண்டாவது கீப்பரிடம்தானே. இரண்டு வருடமாக அவர்கள் எல்லோரும் அடித்த பந்துகள் என் கையிலும் முழங்காலிலும் ஒரு தடவை மூக்கிலும் பட்டிருக்கின்றன. யார் குனிந்தால் எந்தப் பக்கம் அடிப்பாள் என்று தெரியும். அவர்களுக்கும் என்னைத் தெரியும்.

அப்படி இருந்தும் முதல் கோல் ஐந்து நிமிடத்துக்குள் போயிற்று. போனதும் கேவலமாக. மச்சாள் தூரத்திலிருந்து அடித்தாள், நேராக என்னை நோக்கி. சும்மா குனிந்து எடுக்க வேண்டிய பந்து. முன்னால் ஒரு தடவை குத்தி எழும்பி, என் இரண்டு கைகளுக்கும் நடுவால், கால்களுக்கும் நடுவால் உள்ளே உருண்டது. மச்சாள்கூட உடனே கொண்டாடவில்லை. கொஞ்சம் திகைத்து நின்றுவிட்டுத்தான் கையைத் தூக்கினாள்.

ஒலிபெருக்கி சும்மா இருக்கவில்லை. "மிச்சத்தின் மகள் அடிக்க, மிச்சத்தின் மருமகள் வழிவிட, ஒன்றுக்குப் பூச்சியம்."

சனம் சிரித்தது. எல்லையோரத்தில் யாரோ ஒருவர், "குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சிட்டினம் போல" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வலைக்குள் கிடந்த பந்தை எடுக்கும்போது தலையை நிமிர்த்த ஏலாமல் இருந்தது. இந்தப் பெண்கள் விடிய முதல் எழும்பிக் கடல் கடந்து வந்தவர்கள். நான் வேண்டுமென்றே விட்டதாக நினைத்தால் என்ன சொல்வேன்?

பாரிஸ் தலைவி நடந்து வந்தாள். ஓடி வரவில்லை. என் கையிலிருந்து பந்தை வாங்கினாள்.

"அக்கா, சொந்தக்காரருக்கு ஒண்டு போதும்" என்றாள்.

முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணில் இருந்தது. அவள் திரும்பிப் போய்ப் பந்தை நடுவில் வைத்தாள். எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த பதினைந்து நிமிடமும் மிச்சம் அலை அலையாக வந்தது. அவர்கள் முதல் கோலில் என் பயத்தைக் கண்டுவிட்டார்கள். மச்சாள் தன் ஆட்களுக்கு ஆங்கிலத்தில் கத்தினாள், அண்ணியின் இடப்பக்கத்துக்கு அடியுங்கள், அந்தப் பக்கம் அவ பாயப் பிந்துவா என்று. பாரிஸ் பெண்களுக்கு விளங்காது என்று நினைத்திருப்பாள். எனக்கு விளங்கும் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று. நான் ஒரு அடி இடப்பக்கம் தள்ளி நின்றேன். அடுத்த பந்து சொல்லி வைத்த மாதிரி இடப்பக்கம் வந்தது. விழுந்து பிடித்தேன். அதற்கடுத்ததும் அங்கேயே வந்தது. விரல் நுனியால் தட்டிக் கம்பத்துக்கு வெளியே விட்டேன். மூன்றாவது தடவை மச்சாள் தானே அடித்தாள். அவள் கண் இடப்பக்கம் பார்த்தது, கால் வலப்பக்கம் திரும்பியது. இந்த விளையாட்டை என்னிடம் எத்தனை வியாழன் காட்டியிருப்பாள். வலப்பக்கம் பாய்ந்தேன். பந்து முழங்கையில் பட்டு மேலே எழும்பிக் கோலுக்கு மேலால் வெளியே போயிற்று.

"அண்ணி" என்றாள் மச்சாள், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

இடைவேளைக்குச் சற்று முதல் பாரிஸ் ஒரு மூலை உதை பெற்றது. தலைவி தலையால் முட்டினாள். ஒன்றுக்கு ஒன்று. நான் தனியாக, திடலின் இந்தத் தொங்கலில், ஒருவரும் கட்டிப்பிடிக்க இல்லாமல், கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்தேன்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. என் கணவர் பிள்ளைகளோடு சரியாக நடுக்கோட்டில் நின்றார். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்க அவர் பட்ட பாடு தூரத்திலிருந்தே தெரிந்தது. மகள் மட்டும் மெதுமெதுவாக நகர்ந்து என் கோலுக்குப் பின்னால் வந்துவிட்டாள்.

நேரம் போகப் போக எல்லோருக்கும் கால் ஓய்ந்தது. மிச்சம் ஒரு மூலை உதைக்கு எல்லா ஆட்களையும் முன்னால் கொண்டுவந்தது. பந்து உயர்ந்து வந்தது. "என்ர பந்து" என்று கத்திக்கொண்டு எல்லோருக்கும் மேலால் எழும்பிப் பிடித்தேன். இறங்கும்போதே பார்த்தேன், மிச்சத்தின் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அந்த ஏழாம் நம்பர் நடுக்கோட்டில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏழு, ஓடு பிள்ளை."

எனக்குக் காலால் தூரம் அடிக்க வராது. கை மட்டும் பழைய பள்ளிக்கூடக் கைதான். தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் முழு உடம்பையும் கொடுத்து எறிந்தேன். பந்து நடுக்கோட்டைத் தாண்டிக் குத்தியது. அவள் ஓடினாள். கட்டிலில் இருந்த பிள்ளை சொன்னது உண்மை, ஒருத்தராலும் பிடிக்க முடியவில்லை. எங்கள் முதல் கீப்பர், அந்தப் பூனை, முன்னால் பாய்ந்து வந்தாள். பந்து அவளின் பக்கத்தால் மெல்ல உருண்டு உள்ளே போயிற்று.

ஒலிபெருக்கிக்காரர் "இரண்டுக்கு ஒன்று, பாரிஸ்" என்று மட்டும் சொன்னார். அவர் மிச்சத்துக்காரர்.

கடைசி நிமிடங்களில் மிச்சம் என் மேல் விழுந்தடித்து வந்தது. ஒரு பந்து கம்பத்தில் பட்டது. ஒன்றைத் தலைவி கோட்டின் மேல் நின்று உதைத்து வெளியேற்றினாள். அதற்குப் பிறகு மச்சாள் தனியாக உள்ளே நுழைந்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. நான் எப்போதும் கோட்டில்தான் நிற்பேன், முன்னால் போகப் பயம். பயிற்சியில் அவள் அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். அன்றைக்குக் கால் தானாக ஓடியது. அவள் பந்தை ஒரு அங்குலம் கூடுதலாகத் தட்டிவிட்டாள். நான் அவளின் காலடியில் விழுந்து பந்தை வயிற்றுக்குள் சுருட்டிக்கொண்டேன். அவள் என் மேலால் தடுக்கி விழுந்தாள். இரண்டு பேரும் புல்லில் கிடந்தோம். அவளின் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"கை நோகுதே அண்ணி?"

"இல்லை. உமக்குக் கால்?"

"பரவாயில்லை." எழும்பிக்கொண்டு சொன்னாள். "இப்ப மட்டும் முன்னால வாறீங்கள்."

நடுவர் ஊதினார். முடிந்தது.

பாரிஸ் பெண்கள் எல்லோரும் என் மேல் ஏறினார்கள். பிரெஞ்சும் தமிழும் கலந்து காதில் விழுந்தது. யாரோ தொலைபேசியை என் கன்னத்தோடு ஒட்டிப் பிடிக்க, அந்தப் பக்கம் பாரிசில் ஒரு பெண் கட்டிலில் குதிக்கிற சத்தம் கேட்டது. "அடுத்த வருசம் என்ர ஜேர்சியைத் தந்திட வேணும் அக்கா" என்று அவள் கத்தினாள். தருகிறேன், தருகிறேன் என்றேன். படம் எடுக்கும்போது தலைவி கோப்பையின் ஒரு காதை என் கையில் பிடித்துக் கொடுத்தாள். கோப்பை நினைத்ததைவிடப் பாரம். மகள் என் முன்னால் வந்து நின்று படத்துக்குள் புகுந்துகொண்டாள். கொஞ்சத் தூரத்தில் மிச்சம் பிள்ளைகள் காலுறையைக் கழற்றிக்கொண்டு புல்லில் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் எனக்குக் கை தட்டினார்கள். மச்சாள் தட்டவில்லை. தண்ணீர்ப் போத்தலை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு இருந்தாள்.

பாரிஸ் மினிபஸ் போன பிறகு, காரில் பிள்ளைகளையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு அந்த அயல்வீட்டுக்காரர் புறப்பட்டார்; அதில் எங்களுக்கு இடம் இல்லை. கணவரும் நானும் மச்சாளும் டிராமில் ஏறினோம். மச்சாள் எங்களுக்கு இரண்டு இருக்கை முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். கணுக்காலில் ஐஸ் பை.

என்னால் வாயை மூட ஏலவில்லை. நான் இன்னும் அந்தச் செம்மஞ்சள் ஜேர்சியோடுதான் இருந்தேன். இரண்டு முழங்கையிலும் புல்லின் பச்சை.

"பேந்து அந்த ரெண்டாவது பந்து வந்ததெல்லோ, நான் விரலாலதான் தட்டினனான்."

"தெரியும். நானும் அங்கதான் நிண்டனான்" என்றார் கணவர்.

"நிண்டா என்ன, கேளுங்கோ. அதுக்கடுத்தது உங்கட தங்கச்சி வலது காலால அடிச்சவ, நான் பாய்ந்து..."

"இடது கால்" என்றது முன் இருக்கை.

டிராம் ஒரு நிலையத்தில் நின்று எடுத்தது.

"வலது" என்றேன்.

மச்சாள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "இடது காலால அடிச்சனான் அண்ணி. வலதாலயெண்டா உங்களால தொட்டிருக்கேலாது."

"முதல் ரெண்டும் இடப்பக்கம் அடிக்கச் சொன்னது எனக்குக் கேட்டது."

அவள் வாய் கொஞ்சம் திறந்தது. "கேட்டதோ?"

"எல்லாம் கேட்டது."

அவள் ஐஸ் பையையும் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து எனக்கு எதிரே இருந்தாள். "நான் உங்களைக் குடுத்திருக்கக் கூடாது" என்றாள் கோபமாக. அன்றைக்கு எனக்குக் கிடைத்த எல்லாவற்றிலும் அந்தக் கோபம்தான் இனிப்பாக இருந்தது. பிறகு, "சரி, அந்த எறி. அதை ஏன் எங்களுக்கு ஒருநாளும் எறிஞ்சு காட்டேல்லை?" என்று கேட்டாள்.

"நீங்கள் ஒருத்தரும் முன்னால ஓடேல்லையே."

"நீங்கள் கூப்பிடேல்லையே."

என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் ஆட்டத்தை முதல் நிமிடத்திலிருந்து திரும்பச் சொல்லத் தொடங்கினோம்.